சிறுநீரகம் பழுதுற்றால் மூச்சுத் திணறுவது ஏன்?

மூச்சு வாங்கினால் நுரையீரலில் கோளாறு, கால் வீங்கினால் சிறுநீரகத்தில் கோளாறு என்று நோய்களை அறை அறையாகப் பிரித்து எண்ணுவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். மாடிப்படி ஏறும்போது இளைப்பு உண்டானால், வயதாகிவிட்டது என்று ஒருவர் சமாதானம் கூறிக்கொள்கிறார். ஐதராபாத்தின் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் இன்னொருவர். இருமல் மருந்தையும் ஆஸ்துமா மருந்தையும் தாமே வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வோரும் உளர். இவர்களுள் சிலருக்கேனும் நோயின் வேர் நெஞ்சில் இல்லை. முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, ஓசையின்றி வேலை செய்துவரும் இரண்டு சிறுநீரகங்களில் இருக்கிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உடையவர்கள் பலர். நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இவ்விரண்டுமே தலையாய காரணங்களாம். ஆகவே சிறுநீரகத்துக்கும் சுவாசத்துக்கும் உள்ள தொடர்பை அன்பர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். இதனை எழுதுபவன் வைத்தியன் அல்லன். இரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். எனினும் தேகத்தின் உள்ளே நடைபெறுவதும் ஒருவகை வரவு செலவுக் கணக்கே ஆதலால், அக்கணக்கைப் படித்து விளங்கிக்கொண்ட அளவில் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறேன்.

இரு பெரும் வடிகட்டிகள்

நம் தேகத்தில் ஓடும் இரத்தம் முழுவதும் இரண்டு இடங்களில் தூய்மை பெறுகிறது. ஓரிடம் நுரையீரல். அங்கே ஏறத்தாழ 30 கோடி நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்கள் வழியாகப் பிராணவாயு இரத்தத்தினுள் புகுகிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது. மற்றோரிடம் சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எந்நேரமும் இவற்றை நோக்கிச் செல்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இங்கே வடிந்து, அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிட, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகக் கழிகிறது.

வாயுவாகப் போகக்கூடிய கழிவை நுரையீரல் போக்குகிறது. நீரில் கரைந்து போகக்கூடியதைச் சிறுநீரகம் போக்குகிறது. இரண்டுக்கும் இடையே இரத்தம் ஓயாது சுற்றிக்கொண்டிருப்பதால், ஒன்றில் தேக்கம் ஏற்பட்டால் அதன் சுமை மற்றதன் மேல் விழாமல் இருப்பதில்லை. ஒரு நிலையத்தில் பாதை அடைபட்டால் அடுத்த நிலையத்தில் வண்டிகள் நிற்பதைக் காணும் நமக்கு இது புதிய செய்தி அன்று.

நெஞ்சில் நீர் கோப்பது எப்படி?

இலண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட் என்னும் டாக்டர், உடல் வீக்கத்தோடு வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி விளக்குச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார். அது முட்டையின் வெண்கருவைப் போல் உறைந்தது. அந்நோயாளிகள் இறந்தபின் உடலை ஆராய்ந்தபோது சிறுநீரகங்கள் பழுதுற்றிருக்கக் கண்டார். 1827ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டது முதல், வீக்கத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகில் நிலைபெற்றது.

காலில் தோன்றும் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நீர் காலோடு நின்றுவிடுவதில்லை. பழுதுற்ற சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்ற இயலாதபோது, அவை இரத்தக் குழாய்களில் தங்கி அழுத்தத்தை உயர்த்துகின்றன. அதிக இரத்தத்தைத் தள்ள வேண்டிய இருதயம் நாளடைவில் தடித்துத் தளர்கிறது. அப்போது நுரையீரலிலிருந்து இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் பின்தங்குகிறது. பின்தங்கிய இரத்தத்தின் நீர்ப்பகுதி, நுண் குழாய்களின் சுவரைக் கடந்து காற்றறைகளைச் சுற்றியும், முற்றினால் காற்றறைகளின் உள்ளேயும் கசிகிறது. காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர் நிற்குமானால் பிராணவாயு எங்ஙனம் இரத்தத்தில் சேரும்? சிலருக்கு நுரையீரலைப் போர்த்தியுள்ள இரட்டைச் சவ்வின் இடையிலும் நீர் தேங்கி, நுரையீரல் விரிய இடமின்றிச் செய்துவிடுகிறது.

இதன் அடையாளங்கள் சில உண்டு. படுத்தால் மூச்சுத் திணறும். எழுந்து உட்கார்ந்தால் தணியும். முன்பு ஒரு தலையணையில் உறங்கியவர் இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொள்வார். நள்ளிரவில் திடுக்கிட்டு விழித்து, காற்று வேண்டிச் சன்னலருகே செல்வார். ஆஸ்துமாவைப் போலவே நெஞ்சில் விசில் ஓசை கேட்பதும் உண்டு; அதனாலேயே ஆஸ்துமா என்று மயங்குவதும் நேர்கிறது. முற்றிய நிலையில் நுரைத்த சளி, சில வேளை இளஞ்சிவப்பு நிறத்தில் வெளிப்படும். இந்நிலை வந்துவிட்டால் விடியும் வரை காத்திருத்தல் கூடாது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்த ஐதராபாத்தில் தொடங்கப்பெற்ற 108 ஆம்புலன்ஸ் சேவை இத்தகைய வேளைக்கே உரியது. நோயாளியைப் படுக்க வைக்காமல், காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரச் செய்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரத்தத்தின் புளிப்பு

நீர் கோக்காமலே மூச்சு மாறுவதும் உண்டு. நாம் உண்ணும் உணவு தேகத்தில் எரியும்போது அமிலப் பொருள்கள் உண்டாகின்றன. இரத்தத்தின் அமில காரச் சமநிலை, பி.எச். என்னும் அளவையில் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். இக்குறுகிய எல்லையைக் காப்பவை நுரையீரலும் சிறுநீரகமுமே. கரியமிலவாயுவை வெளியேற்றுவதன் மூலம் நுரையீரல் சில நிமிஷங்களில் புளிப்பைக் குறைக்கவல்லது. வாயுவாக மாறாத அமிலங்களைச் சிறுநீரகம் ஒன்றே கழிக்க முடியும். அதற்குப் பல மணி நேரமும் சில நாட்களும் ஆகும்.

சிறுநீரகம் கைவிட்டதும், கழியாத அமிலம் இரத்தத்தில் சேர்கிறது. மூளை அதனை உணர்ந்து, மூச்சை ஆழமாகவும் விரைவாகவும் இழுக்குமாறு கட்டளையிடுகிறது. ஜெர்மானிய டாக்டர் அடால்ஃப் குஸ்மால், 1874இல் கடுமையான நீரிழிவு நோயாளிகளிடம் இத்தகைய ஆழ்ந்த பெருமூச்சைக் கண்டு விவரித்தார். சிறுநீரகம் செயலிழந்தோரிடமும் அதே மூச்சு காணப்படும். இங்கே நுரையீரலில் நோயே இல்லை. தோழனுடைய வேலையையும் தானே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யும் ஊழியனைப் போல் அது உழைக்கிறது. இரத்தத்தில் பைகார்பனேட்டின் அளவைப் பரிசோதித்தால் உண்மை வெளிப்படும். குறைவாக இருந்தால் டாக்டர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பதுண்டு. ஆயினும் அதுவும் ஒரு சோடிய உப்பே ஆதலால், டாக்டர் குறித்த அளவுக்கு மேல் உட்கொள்ளலாகாது.

சோகையும் இளைப்பும்

நம் முன்னோர் இரத்தம் குன்றி வெளிறுவதைச் சோகை என்றும், நீர் கோத்து வீங்குவதைச் சோபை என்றும் வழங்கினர். சிறுநீரக நோயில் இவ்விரண்டும் சேர்ந்தே வரக் காணலாம். இதன் காரணம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களை உண்டாக்குமாறு தூண்டும் எரித்ரோபாயிட்டின் என்னும் பொருளைச் சுரப்பது பெரும்பாலும் சிறுநீரகமே. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததைச் சிறுநீரக அணுக்கள் உணர்ந்து இப்பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன. உயிரணுக்கள் பிராணவாயுவின் அளவை எங்ஙனம் அறிகின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா ஆகிய மூவருக்கு 2019ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அவர்களுள் ராட்கிளிஃப் சிறுநீரக மருத்துவர் என்பது கருதத்தக்கது.

நுரையீரல் பிராணவாயுவைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனை ஏற்றிச் செல்வது சிவப்பணு. சரக்கு வந்து குவிந்தும் ஏற்றிச் செல்ல வண்டி இல்லையேல் பயன் என்ன? நுரையீரல் நன்றாயிருந்தும், சோகை மிகுந்த சிறுநீரக நோயாளி நான்கு படி ஏறுமுன் இளைத்துப்போவது இதனால்தான். எரித்ரோபாயிட்டின் ஊசி 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது முதல் இவ்வின்னல் பெரிதும் குறைந்திருக்கிறது. இரும்புச்சத்தின் அளவையும் சேர்த்துப் பரிசோதித்தே அவ்வூசியைப் போடுகின்றனர்.

நுரையீரல் செய்யும் இன்னொரு தொழில்

நுரையீரல் மூச்சு விடுவதற்கு மாத்திரம் உரியது என்று நாம் நினைக்கிறோம். இரத்த அழுத்தத்தை ஆள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. சிறுநீரகத்தினின்று ரெனின் என்னும் பொருள் சுரக்கிறது. 1898இல் ஸ்வீடன் நாட்டில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் இதனைக் கண்டனர். கல்லீரல் தரும் ஒரு புரதத்தை ரெனின் துண்டித்து ஆஞ்சியோடென்ஸின் என்னும் பொருளின் முதல் வடிவத்தை ஆக்குகிறது. அதனை வலிமை மிக்க இரண்டாம் வடிவமாக மாற்றும் நொதி, நுரையீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் மிகுதியாக உள்ளது. ஜான் வேன் என்னும் ஆங்கில விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் 1960களின் பிற்பகுதியில் நுரையீரலின் இச்செயலை விளக்கினர். சிறுநீரகம் தொடங்கிய வேலையை நுரையீரல் முடித்துக்கொடுக்கிறது என்றே இதனைக் கூறலாம்.

இந்நொதியைத் தடுக்கும் மருந்துகளே எனாலாப்ரில், ராமிப்ரில் முதலியன. இவை இரத்தக் கொதிப்பைத் தணிப்பதோடு, சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் காக்கின்றன. ஆனால் இவற்றை உட்கொள்வோரில் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் உண்டாகும். அவ்விருமலுக்கு நெஞ்சு மருந்து எதுவும் பயன்படாது. டாக்டரிடம் கூறினால், இருமலை அரிதாகவே உண்டாக்கும் லோஸார்டன், டெல்மிஸார்டன் போன்ற வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். மருந்தைத் தாமே நிறுத்திவிடுதல் தவறு. இருமல் நிற்கும், சிறுநீரகத்தின் காவலும் அதனுடன் போய்விடும்.

இரண்டையும் ஒருங்கே தாக்கும் நோய்கள்

காற்றறையின் சுவரும் சிறுநீரக வடிகட்டியின் சுவரும் ஒரே வகையான நுண்ணிய நார்ப்பொருளால் ஆனவை. அரிதாகச் சிலருக்கு, நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே பிறழ்ந்து இந்நார்ப்பொருளைப் பகையென்று கருதித் தாக்குகிறது. அப்போது இருமலில் இரத்தமும் சிறுநீரில் இரத்தமும் ஒருங்கே தோன்றும். இன்ஃபுளுவென்ஸாவுக்குப் பின் இவ்வாறு இறந்த ஓர் இளைஞனைப் பற்றி எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் என்னும் அமெரிக்க டாக்டர் 1919இல் எழுதினார். 1958 முதல் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. வேறு சில இரத்தக்குழாய் அழற்சிகளும் இவ்விரண்டு உறுப்புகளையும் சேர்த்தே தாக்கும். இருமலில் இரத்தம் கண்டால் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பதோடு சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு காரணம்.

நம் நாட்டில் இதனினும் பெருவழக்கானது காசநோய். சிறுநீரகம் செயலிழந்தோருக்கும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்போருக்கும் காசநோய் எளிதில் பற்றும். விடாத இருமலும் மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் தோன்றினால், எல்லாம் சிறுநீரக நோயின் தளர்ச்சியே என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. இன்ஃபுளுவென்ஸா, நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை இத்தகையோர் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நன்று.

துன்பம் எதிர்த்திசையிலும் செல்லும். கடுமையான நிமோனியா சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்கச் செய்வதுண்டு. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றிலும் நுரையீரல் தாக்குண்டு மருத்துவமனையில் கிடந்த பலருக்குச் சிறுநீரகமும் பழுதாயிற்று. புகையிலையோ இரண்டுக்கும் பொதுப்பகைவன்.

மூச்சை அளத்தல்

1846ஆம் ஆண்டில் ஜான் ஹட்சின்ஸன் என்னும் ஆங்கிலேயர், ஒருவர் ஆழ மூச்சிழுத்து முழுவதும் வெளிவிடும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியை விவரித்தார். அதன் வழிவந்த கருவியில் ஊதச் செய்தே இன்றும் நுரையீரலின் திறனை அளக்கின்றனர். ஆஸ்துமா உடையோர் ஊதினால், காற்றுக் குழல்கள் சுருங்கியிருப்பதால் காற்று மெல்ல வெளிவரும். நாட்பட்ட சிறுநீரக நோயாளி ஊதினால், குழல்கள் திறந்திருப்பினும் நெஞ்சு கொள்ளும் காற்றின் மொத்த அளவே குறைந்திருக்கக் காண்பது உண்டு. தேங்கிய நீரும், மூச்சுத் தசைகளின் தளர்ச்சியும் இதற்குக் காரணங்கள். காற்றறையிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடந்து செல்லும் திறனும் சிலருக்குக் குறைகிறது. டயாலிஸிஸ் செய்து மிகையான நீரை இறக்கியபின் அதே மனிதர் அதே கருவியில் முன்னிலும் அதிகமாக ஊதுவதை ஆராய்ச்சியாளர் பலமுறை கண்டிருக்கின்றனர். நோய் நெஞ்சில் இல்லை, நீரில் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், ஹாலந்து நாட்டின் காம்ப்பன் என்னும் சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் டாக்டர் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றி முதல் டயாலிஸிஸ் இயந்திரத்தை அமைத்தார். 1945இல் அதனால் ஒரு நோயாளி உயிர் பிழைத்தார். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியுடன் நிகழ்ந்தது. மூளைச்சாவு உற்றோரின் உறுப்புகளைப் பெற்று வரிசைப்படி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2008இலும், இங்கே ஜீவன்தான் என்னும் பெயரில் 2013இலும் தோன்றின. வறியோர்க்கு இலவச டயாலிஸிஸ் அளிக்கும் தேசியத் திட்டம் 2016இல் அறிவிக்கப்பெற்றது.

உப்பின் கணக்கு

குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய உணவு ஆராய்ச்சிச் சாலை, 1958ஆம் ஆண்டில் நம்மைப் போலவே ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, தார்நாகாவில் தேசிய போஷாக்கு நிலையமாக விளங்குகிறது. உணவைப் பற்றிய பேச்சில் அதனை நினைவுகூராமல் இருக்க இயலாது. நம் சமையலோ இரண்டு நாட்டின் உப்பையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஊரிலிருந்து வந்த கருவாடும் அப்பளமும் மோர்மிளகாயும் ஒருபுறம். இந்நாட்டின் ஆவக்காயும் கோங்குராத் தொக்கும் மறுபுறம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நம்மில் பெரும்பாலோர் அதனினும் மிகுதியாகவே உண்கிறோம்.

டயாலிஸிஸ் செய்துகொள்வோருக்கு இக்கணக்கு உயிர்க்கணக்காகும். தேகத்தில் ஏறத்தாழ 9 கிராம் உப்புத் தங்கினால், அது 1 லிட்டர் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பைத் தாராளமாக உண்டுவிட்டுத் தண்ணீரை மாத்திரம் அடக்குவது என்பது நடவாத காரியம், தாகம் விடாது. 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோ. ஆதலால் வீட்டில் ஒரு எடை இயந்திரம் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே வேளையில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மிகை நீர் யாவும் நீங்கிய நிலையில் ஒருவருக்குரிய எடையை டாக்டர்கள் உலர் எடை என்பர். அதற்கு மேல் இரண்டே நாளில் 3 கிலோ ஏறியிருந்தால், அது சதை அன்று. 3 லிட்டர் நீர். அந்நீர் காலில் வந்து நிற்குமுன்பே நெஞ்சை அடையக்கூடும். வீட்டில் சமைக்கும் தாய்மார்கள், நோயாளிக்கு வேறு உலை வைக்காமல், எல்லோருக்குமே உப்பைக் குறைத்துச் சமைப்பாராயின் நோயாளியின் மனமும் நோகாது. மற்றவர் இரத்தக் கொதிப்பும் தணியும்.

ஊருக்குப் புறப்படுமுன்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர் செல்வது நமக்கு இன்றியமையாத கடமை. அவ்வாறு செல்லும்போது, ஒரு தடவை டயாலிஸிஸ் தவறினால் என்ன என்று சிலர் எண்ணுகின்றனர். வாரம் மும்முறை செய்துகொள்வோருக்கு வார இறுதியில் இரண்டு நாள் இடைவெளி நேர்கிறது. அமெரிக்காவில் 30,000க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட அறிக்கை, மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் இந்நீண்ட இடைவெளியின் மறுநாளில் மற்ற நாட்களைவிட மிகுதி என்று காட்டிற்று. ஒரு நாள் கூடுதலான இடைவெளியே இவ்வாறு செய்யுமாயின், ஒரு முறையை அறவே விடுவது எத்துணை அபாயம் என்று கூற வேண்டுவதில்லை. போகும் ஊரிலோ அருகிலுள்ள நகரத்திலோ டயாலிஸிஸுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டே டிக்கட் வாங்க வேண்டும். நோயின் சுருக்கக் குறிப்பு, உலர் எடை, மருந்துப் பட்டியல், அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோதல் வேண்டும்.

இரயில்வேயில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். சிறுநீரக மாற்று அறுவைக்கோ டயாலிஸிஸுக்கோ பயணம் செய்யும் நோயாளிக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. தூங்கும் வகுப்பில் முக்கால் பங்கு கழியும். 2020இல் வேறு பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளுக்குரியவை நீங்கவில்லை. மருத்துவமனை அதிகாரி உரிய படிவத்தில் கையொப்பமிட்ட சான்றிதழைக் கவுண்டரில் காட்ட வேண்டும். சிகிச்சையின் பொருட்டுச் செய்யும் பயணத்துக்கே இது பொருந்தும். பண்டிகைப் பயணத்துக்குப் பொருந்தாது. சலுகை இருப்பினும் இல்லாவிடினும் கீழ்ப்படுக்கையையே கேட்டுப் பெறுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பவர் அந்த இரவு வண்டியில் ஏறவே கூடாது. முதலில் டாக்டரைக் காண வேண்டும்.

ஆயாசம் என்னும் ஒரு சொல்

வேற்று மொழி வழங்கும் நாட்டில் வாழும் நமக்கு மருத்துவமனையில் ஒரு தனித் தொல்லை உண்டு. தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. தெலுங்கில் அதே ஆயாசம் மூச்சு இளைப்பைக் குறிக்கும். களைப்பைச் சொல்ல வந்த தமிழர் ஆயாசம் என்றால், தெலுங்கு டாக்டர் மூச்சுத் திணறல் என்று கொள்வார். தெலுங்கு நர்ஸ் ஆயாசம் உண்டா என்று வினவினால், வெறும் களைப்பைக் கேட்பதாக எண்ணி நம் பாட்டி, அது எப்போதும் உள்ளதுதானே என்று அசட்டையாக விடையிறுப்பாள். சிறுநீரக நோயில் களைப்பும் திணறலும் வேறு வேறு காரணத்தால் வருவன ஆதலால், இம்மயக்கம் சிறிய விஷயம் அன்று. சொல்லை நம்பாமல் நிகழ்ச்சியைக் கூறுவதே பாதுகாப்பு: எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது, இரவில் எத்தனை முறை எழுந்து உட்கார நேர்கிறது என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். சிறுநீரகத்தைத் தெலுங்கில் மூத்ரபிண்டம் என்றும், உருதுவில் குர்தா என்றும் கூறுவர் என்பதைப் பெரியோர்க்கும் சொல்லிவைப்பது நன்று.

வருமுன் அறிவது

மூச்சுத் திணறல் தோன்றும் அளவுக்குச் சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டுகளில் வலியும் இல்லை, குறியும் இல்லை. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் ஜில்லாவில், தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் பகுதியில், சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ முன்னர் இல்லாத உழவர்களும் திரளாகச் சிறுநீரக நோய்க்கு ஆளாகி வருகின்றனர். நீர், மண், வெயிலில் கடும் உழைப்பு என்று பலவற்றை ஆராய்ந்தும் காரணம் உறுதிப்படவில்லை. ஸ்ரீலங்காவின் அனுராதபுரம் பக்கத்திலும் இதனையொத்த நோய் 1990கள் முதல் அறியப்பட்டுள்ளது. அங்கெல்லாம் பலர் மருத்துவமனைக்கு வந்தது நோய் முற்றிய பின்னரே.

முன்னரே கண்டால் தடுக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணியும் அவர்தம் குழுவினரும் சென்னையை அடுத்த கிராமங்களில், ஊர்ப்பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீடு வீடாகச் சென்று சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்கச் செய்தனர். நோய் கண்டவர்களுக்கு விலை குறைந்த மருந்துகளையே கொடுத்துச் சர்க்கரையையும் கொதிப்பையும் பலருக்குக் கட்டுக்குள் கொணர்ந்தனர். பெரிய இயந்திரம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, குடும்பத்தில் சிறுநீரக நோய் ஆகியவற்றுள் ஒன்று உடையவரும் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டும்: இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின். கிரியாட்டினினைக் கொண்டு வடிகட்டும் திறனைக் கணக்கிடுவர். அத்திறன் மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாட்பட்ட நோய் என்றும், 15க்குக் கீழே இறங்கினால் செயலிழப்பு என்றும் கொள்வர். ஆல்புமின் ஒழுகினாலோ, திறன் 60க்கு மேல் இருப்பினும் நோய் உண்டென்றே பொருள். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்கும் பழக்கத்தை இவர்கள் அறவே விட வேண்டும். அவ்வகை மாத்திரைகள் பல சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வன.

இவ்விதழைப் படித்து முடித்ததும், வீட்டில் கடந்த சில மாதங்களாக மூச்சு வாங்குகிறது என்று கூறி வருபவர் யாரேனும் உண்டா என்று நினைத்துப் பாருங்கள். இருப்பின், அவருக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கும் நாளிலேயே, சிறுநீரையும் ஒரு குப்பியில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.